இதில எதை விடலாம், தங்கச்சி?

இங்கிலாந்தில எங்கட பாமசியை சனிக்கிழமை பின்னேரம் பூட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கேக்க வாற ஆக்கள் ஒரு தனி ரகம். கிழமை முழுக்க வேலை, ஜீபியை, அதுதான் குடும்ப டொக்டரைப் பார்க்க நேரமில்லை, எப்பிடியோ ஒரு அப்பொயின்ற்மென்ற் எடுத்து மருந்து எழுதிவிச்சிருப்பினம், அது கொம்பியூட்டரில எங்களுக்கு வந்து ரெண்டு நாளாக் கட்டி வச்சபடி கிடக்கும், கடைசியில சனி அஞ்சரைக்கு மூச்சு வாங்க ஓடி வருவினம். அப்பிடித்தான் போன மாரிக்கு ஒரு தம்பி வந்தவர். டெலிவரி ஜக்கெற், கையில ஹெல்மெற், நெஞ்சைப் பிய்க்கிற இருமல். மூண்டு மருந்து. அன்ரிபயோட்டிக் ஒண்டு, ஸ்ரெரொயிட் குளிசை ஒண்டு, நீல இன்ஹேலர் ஒண்டு. நான் பையை எடுத்து வச்சிட்டு "29 பவுண்ஸ் 70, தம்பி" எண்டன்.

"மூண்டுக்கும் சேர்த்தோ அக்கா?"

"ஓம், ஒண்டுக்கு 9.90."

அவர் காட்டை எடுக்கேல்ல. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால நிண்ட வெள்ளைக்கார மனிசிக்குத் தமிழ் விளங்கப்போறேல்ல எண்டு தெரிஞ்சும் குரலைக் குறைச்சு, "இதில எது கட்டாயம் வேணும், எதை விடலாம்?" எண்டு கேட்டார்.

இந்தக் கேள்வி என்ர காதில விழத் தொடங்கிப் பதினேழு வருசம். இங்கிலீசில, தமிழில, உருதுவில, போலிஷ் உச்சரிப்பில, எல்லாத்திலயும் கேட்டிருக்கிறன். நான் டிஸ்பென்சர், மருந்தை எடுத்துக் கட்டிக் குடுக்கிற ஆள், பாமசிஸ்ற் இல்லை, எனக்குப் பதில் சொல்ல உரிமை இல்லை. உள்ளுக்குப் போய் எங்கட பாமசிஸ்ற்றைக் கூட்டிக்கொண்டு வந்தன். அவர் குஜராத்தி மனுசன், அவரும் மூண்டும் வேணும் எண்டுதான் சொல்லேலும், சொன்னார். தம்பி ரெண்டை எடுத்தார். இன்ஹேலரை விட்டிட்டார், வீட்டில பழசு ஒண்டு கிடக்காம். எத்தினையாம் ஆண்டுப் பழசு எண்டு நான் கேட்கேல்ல.

ஊரில இருக்கிற ஆக்களுக்கும் கனடாவில இருக்கிற ஆக்களுக்கும் இது விளங்காது எண்டபடியா ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறன். லண்டனில வைத்தியம் இலவசம் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம், பெரும்பாலும் அது உண்மையும்தான். ஜீபிக்குக் காசில்லை, ஆசுப்பத்திரிக்குக் காசில்லை, இருதயத்தை வெட்டித் தைச்சாலும் வாசலில ஒருத்தரும் பில் நீட்டமாட்டினம். ஆனா அதே ஜீபி எழுதித்தாற மருந்தை எங்களிட்ட எடுக்க வந்தா, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே விலை, 9.90. மருந்து ஒரு பவுண் பெறுமதியோ ஆயிரம் பவுண் பெறுமதியோ எண்ட கணக்கில்லை. அந்தத் தம்பியின்ர அன்ரிபயோட்டிக் பெட்டியின்ர விலை ரெண்டு மூண்டு பவுண்ஸுக்கு மேல வராது, அவர் கட்டினது 9.90. அந்தக் காசில எங்களுக்கு ஒரு சதமும் இல்லை, அரசாங்கம் எங்களுக்குத் தரவேண்டிய காசில அதைக் கழிச்சுப்போட்டுத்தான் தரும். நாங்கள் சும்மா வரி தண்டுற ஆக்கள், ஏச்சு வாங்கிறதும் நாங்கள்தான்.

இதுவும் இங்கிலாந்துக்குள்ள மட்டும்தான். வேல்ஸில 2007இல இந்தக் காசை எடுத்துப்போட்டினம், வட அயர்லாந்தில 2010இல, ஸ்கொட்லாந்தில 2011இல. ஒரே என்எச்எஸ், ஒரே அரசாங்க வைத்திய சேவை எண்டு சொல்லுறது, வேல்ஸில கார்டிஃபில இருக்கிற என்ர சிநேகிதி சும்மா கையை வீசிக்கொண்டு போய் எடுத்துக்கொண்டு வாறாள், நான் அதே குளிசைக்குக் காசு கட்டுறன். நான் 2008இல இந்தக் கவுண்டருக்கு வரேக்க ஒண்டுக்கு 7.10. சித்திரை வந்தா காசு வாங்கிற ரில்லில ஒட்டியிருக்கிற விலைத் துண்டை மாத்துறதுதான் என்ர வேலை, சில வருசம் பத்துச் சதம், சில வருசம் இருபது. 2024 மே மாசம் 9.90 ஆச்சு, 2025இல கூட்டேல்ல, அதைப் பெரிய பரிசு மாதிரி அறிவிச்சினம்.

சனம் இதைப் பற்றி என்ன நினைக்குது எண்டு கேட்டா, கருத்துக்கணிப்புக்காரர் ஒரு பதில் சொல்லுவினம், என்ர கவுண்டர் வேறொரு பதில் சொல்லும். கணிப்பு எடுத்தா பத்துப் பேரில ஒம்பது பேர் அளவில என்எச்எஸ் தேவைப்படுற நேரம் இலவசமா இருக்கவேணும் எண்டுதான் சொல்லுகினம், கட்சி வித்தியாசம் பெரிசாக் கிடையாது. 2022இல ரிஷி சுனக் அப்பொயின்ற்மென்ற்றுக்கு வராத ஆக்களுக்குப் பத்துப் பவுண் தண்டம் எண்டு சொல்லிப்போட்டு பிறகு சத்தமில்லாமல் கைவிட்டார். 2023 தொடக்கத்தில சஜித் ஜாவித், முந்தி சுகாதார மந்திரியா இருந்தவர், ஜீபியைப் பார்க்கிறதுக்கும் அவசர சிகிச்சைக்கும் காசு வாங்கிறதைப் பற்றி யோசிக்கவேணும் எண்டு எழுதினார், அவற்ற சொந்தக் கட்சி அரசாங்கமே எங்களுக்கு அப்பிடி ஒரு எண்ணமில்லை எண்டு சொல்லிப்போட்டுது. தொட்டா சுடும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்ப ஏன் மருந்துக்கு வாங்கிற 9.90 மட்டும் ஒருத்தரையும் சுடேல்ல? நான் கனகாலம் இதை யோசிச்சிருக்கிறன், பதில் கவுண்டரிலயே கிடந்தது. பெரும்பான்மையான ஆக்கள் அதைக் கட்டுறேல்ல.

உண்மையாத்தான். இங்கிலாந்தில குடுக்கிற மருந்தில பத்துக்கு ஒம்பது சும்மாதான் போகுது. அறுபது தாண்டின ஆக்கள், பதினாறுக்குக் கீழ பிள்ளையள், படிக்கிற பதினெட்டு வயசுப் பெடியள், பிள்ளைத்தாச்சியள், பிள்ளை பெத்து ஒரு வருசம் வரைக்கும், குறைஞ்ச வருமானத்தில அரசாங்க உதவி எடுக்கிற ஆக்கள், சில வருத்தக்காரர். ஒரு நாளைக்கு நான் நூறு பை குடுத்தா அதில எட்டுப் பத்துப் பைக்குத்தான் ரில்லைத் திறக்கிறன். மிச்சம் தொண்ணூறு பேரில ஒருதரும் வாய் திறக்கப்போறேல்ல, ஏனெண்டா அவைக்கு இந்தக் காசு இருக்கெண்டே தெரியாது. எழுபது வயசு மனிசி ஒராள் ஒருநாள் லைனில நிண்டு முன்னால நிண்ட பெட்டை காசு கட்டுறதைப் பார்த்திட்டு "ஏன் அவளிட்ட காசு வாங்கிறியள்?" எண்டு கேட்டா. அவவுக்கு அது புதினம்.

இந்தக் காசின்ர கதை ஒரு நாடகம் மாதிரி. 1948 யூலை 5 என்எச்எஸ் தொடங்கேக்க மருந்து, பல்லு, கண்ணாடி எல்லாம் சும்மா. அதைக் கொண்டந்த அனைரின் பெவன் வேல்ஸில நிலக்கரிச் சுரங்கத்தில பதின்மூண்டு வயசில வேலைக்குப் போன மனுசன். மூண்டு வருசம் போகேல்ல, 1951இல கொரியா யுத்தத்துக்கு ஆயுதம் வாங்கக் காசு காணாமல், அவற்ற சொந்தக் கட்சி நிதியமைச்சர் கேற்ஸ்கெல் பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் அரைவாசி விலை வாங்கப்போறம் எண்டார். பெவன் பதவியைத் தூக்கி எறிஞ்சார். அவரோட சேர்ந்து எறிஞ்ச இன்னொரு மந்திரி ஹரோல்ட் வில்சன். அடுத்த வருசம் சர்ச்சிலின்ர அரசாங்கம் மருந்துத் துண்டுக்கு ஒரு சிலிங் எண்டு தொடங்கினது. பிறகு அதே வில்சன் பிரதமரா வந்து 1965இல மருந்துக் காசை ஒழிச்சார், வாக்குக் காப்பாத்தின மனுசன் எண்டு பார்த்தா, பவுணின்ர பெறுமதி விழுந்து கஜானா வெறுமையாகி, 1968இல அவரே திருப்பிக் கொண்டுவந்தார், ரெண்டரைச் சிலிங். கொள்கைக்காகப் பதவியை விட்டவர் பதவிக்காகக் கொள்கையை விட்டார் எண்டு எங்கட ஆக்கள் மேடையில சொல்லுவினம். எனக்கு அவரில அவ்வளவு கோவமில்லை. கோவம், திருப்பிக் கொண்டுவரேக்க போட்ட அந்த லிஸ்றில.

1968இல அரசாங்கமும் டொக்டர்மாற்ற சங்கமும் இருந்து கதைச்சு, ஆயுள் முழுக்க மருந்து எடுக்கவேண்டிய சில வருத்தங்களுக்குக் காசில்லை எண்டு ஒரு பட்டியல் போட்டினம். சலரோகத்துக்கு மருந்து எடுக்கிற ஆக்கள், வலிப்பு, தைரொயிட் குறைவு, அடிசன் வருத்தம், இன்னும் கொஞ்சம். அந்த மருந்தை விட்டா உயிர் போயிடும் எண்ட அந்தக் காலத்து அறிவில போட்டது. பிறகு எத்தினை புது வருத்தம் கண்டுபிடிச்சாச்சு, முந்திச் சின்ன வயசில செத்த எத்தினை பிள்ளையள் இப்ப நாற்பது அம்பது வரைக்கும் இருக்கினம், லிஸ்ற் அசையேல்ல. 2009இல புற்றுநோயை மட்டும் சேர்த்தினம், அவ்வளவுதான். அதே நேரம் நீண்டகால வருத்தக்காரர் எல்லாருக்கும் காசை எடுத்துவிடலாமோ எண்டு பார்க்கச் சொல்லி பேராசிரியர் இயன் கில்மோரிட்ட ஒரு அறிக்கை கேட்டவை. அவர் எடுத்துவிடலாம் எண்டு எழுதிக் குடுத்தது 2010இல வெளிவந்தது. அந்த நேரம் ஆட்சி மாறினது, அறிக்கை அலுமாரிக்குப் போச்சு.

தொய்வு, ஆஸ்மா எண்டு சொல்லுற மூச்சு வருத்தம், இந்த லிஸ்றில இல்லை. 1968இலயும் இல்லை, இப்பவும் இல்லை.

எங்கட தெருவில ஒரு அக்கா இருக்கிறா, தைரொயிட் குறைவு, ஒரு நாளைக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. அதுக்கு அவவுக்கு ஒரு சேர்ட்டிபிக்கற் இருக்கு, அது இருந்தா தைரொயிட்டுக்கு மட்டுமில்லை, என்ன வருத்தத்துக்கும் என்ன மருந்தும் சும்மா. தலைப்பொடுகு சம்பூ ஜீபி எழுதினாலும் சும்மா. அவ வீடு ரெண்டு வச்சிருக்கிறா, ஒண்டை வாடகைக்கு விட்டிருக்கிறா, அவவே சிரிச்சுச் சொல்லுவா, "எனக்கு இது பாவம் மாதிரி இருக்கடி" எண்டு. பாவமாக இருந்தாலும் எடுக்கிறா, நானும் எடுப்பன். அவவில ஒரு பிழையுமில்லை.

அவவுக்குப் பக்கத்து லைனில நிண்டவர்தான் நான் சொல்லவந்த அண்ணை. பேர் வேண்டாம், அண்ணை எண்டே வைப்பம். சின்ன வயசில இருந்து தொய்வு. ஊரில இருக்கேக்க மழைக்காலத்தில இரவிரவாக் குந்தியிருந்து மூச்சு வாங்கினவராம், இஞ்ச வந்து சாமான் அடுக்கிற வேலை, இரவு வேலை, குளிர் அறைக்குள்ள. நாலு மருந்து, நீல இன்ஹேலர், மண்ணிற இன்ஹேலர், பிரசருக்கு ஒண்டு, கொலஸ்ரரோலுக்கு ஒண்டு. 39.60. மனிசிக்கு வேலையில்லை, ரெண்டு பிள்ளையள் பல்கலைக்கழகம், ஆனா அவற்ற சம்பளம் உதவி எடுக்கிற எல்லைக்குக் கொஞ்சம் மேல. எல்லைக்கு மேல கொஞ்சமோ கனமோ, எல்லாம் ஒண்டுதான், அரைவாசி குறைப்பு எண்டு ஒரு கதையில்லை. ஒண்டில் முழுசாச் சும்மா, இல்லாட்டி முழுசாக் காசு.

முதல் தரம் கேட்டது இன்னும் ஞாபகம். கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, பையுக்குள்ள ஒவ்வொண்டா எடுத்துப் பார்த்து, "இதில எதை விடலாம், தங்கச்சி?" எண்டார். நான் வழக்கம்போலப் பாமசிஸ்ற்றைக் கூப்பிட்டன், அவர் ஒண்டையும் விடேலாது எண்டார், அண்ணை மண்ணிறத்தை விட்டார். அவற்ற கணக்கு அவருக்குச் சரி. நீலம் அடிச்சா அஞ்சு நிமிசத்தில மூச்சு வரும், கண்ணால பார்க்கலாம். மண்ணிறம் அடிச்சா ஒண்டும் தெரியாது, அது ஒவ்வொரு நாளும் ரெண்டு நேரம் அடிச்சு உள்ளுக்கு வீக்கத்தைக் குறைச்சு வைக்கிற சாமான், வருத்தம் வராமல் இருக்கிறதுதான் அதின்ர வேலை, வராத வருத்தத்தை ஆர் பார்க்கிறது. காசு காணாட்டி வெட்டு எப்பவும் அதிலதான் விழும்.

இந்தக் கண் தெரியாத வெட்டைப் பற்றி அமெரிக்காவில ஒரு பெரிய பரிசோதனையே செய்தவை, ராண்ட் எண்ட நிறுவனம், எழுபதுகளில தொடங்கி எண்பதுகளில முடிச்சது. ஆயிரக்கணக்கான ஆக்களைச் சீட்டுக் குலுக்கிற மாதிரிப் பிரிச்சு, கொஞ்சப் பேருக்கு வைத்தியம் முழுக்கச் சும்மா, கொஞ்சப் பேர் ஒரு பங்கு கட்டவேணும். கட்டின ஆக்கள் குறைய வைத்தியம் எடுத்தவை, அது எதிர்பார்த்ததுதான். ஆனா அவை தேவையில்லாததை மட்டும் குறைக்கேல்ல, தேவையானதையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைச்சினம். அந்தக் காசுக்குப் புத்தி கிடையாது, எதை வெட்டுறது எண்டு அதுக்குத் தெரியாது. எங்கட அண்ணைக்கும் தெரியேல்ல, ஏன் தெரியவேணும், அவர் சாமான் அடுக்கிற மனுசன்.

இதில என்ர பிழை ஒண்டு இருக்கு, சொல்லாமல் விடேலாது. முற்பணச் சேர்ட்டிபிக்கற் எண்டு ஒரு விசயம் இருக்கு, வருசத்துக்கு 114.50 கட்டினா எத்தினை மருந்தும் எடுக்கலாம், பத்து மாசத்துக்குப் பிரிச்சு வங்கியில இருந்து கழிக்கவும் விடுவினம். வருசத்துக்குப் பன்னிரண்டு மருந்து எடுத்தாலே லாபம். அண்ணை மூண்டு மாசத்திலயே அதைத் தாண்டிற ஆள். நான் அவருக்கு அதைச் சொன்னது ரெண்டு வருசம் கழிச்சு. ஜீபியில சொல்லியிருப்பினம் எண்டு நான் நினைச்சன், ஜீபி ரிசெப்சனில பாமசியில சொல்லுவினம் எண்டு நினைச்சிருப்பினம். சுவரில போஸ்ரர் ஒட்டியிருக்கு, இங்கிலீசில, விற்றமின் விளம்பரத்துக்குப் பக்கத்தில. கடைசியில சொன்ன நேரம் அவர் "அது இன்சுரன்ஸ் மாதிரியோ, வேண்டாம் தங்கச்சி, வங்கியில கை வைக்க விட்டா பிறகு நிப்பாட்டேலாது" எண்டார். அவருக்கு முந்தி ஒரு போன் கொம்பனியோட பட்ட பாடு. நானும் வற்புறுத்தேல்ல, பின்னால லைன் நிண்டது. இன்னொண்டு, காசு கட்டேக்க எஃப்பி57 எண்ட துண்டைக் கேட்டு வாங்கி வச்சாத்தான் பிறகு உரிமை இருக்கெண்டு தெரிஞ்சா காசைத் திருப்பி எடுக்கலாம், பிறகு வந்து கேட்டாத் தரேலாது. கேட்கவேணும் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு அந்தத் துண்டு பெரும்பாலும் தேவைப்படாது.

இப்ப மற்றப் பக்கத்துக்கு வாறன், ஏனெண்டா நானே கனகாலம் அந்தப் பக்கத்தில நிண்டவள். "சும்மா குடுத்தா மதிப்பில்லை." இது எங்கட சனத்தின்ர தேசிய கீதம். கவுண்டரில கேட்கிறனோ இல்லையோ, கலியாண வீட்டில கேட்பன். நானும் சொன்னனான், சொல்லக் காரணமும் இருந்தது. மருந்து திரும்பி வாற பையளை நீங்கள் பார்த்திருக்கமாட்டியள். தாய் செத்து ரெண்டு கிழமையில மகன் வந்தார், மூண்டு பெரிய சொப்பிங் பாக். கவுண்டரில வைக்க இடமில்லாமல் நிலத்தில வச்சார். உள்ளுக்கு மலச்சிக்கல் பவுடர் பதினாலு பெட்டி, உடைக்கேல்ல. கல்சியக் குளிசை, உடைக்கேல்ல. பரசிற்றமோல் எண்ணி முடியேல்ல. கண்ணுக்கு விடுற துளி, பிரிட்ஜில வைக்கவேண்டியது, சூடேறிக் கிடந்தது. வெளியில போன மருந்து உடைக்காட்டியும் வேற ஆளுக்குக் குடுக்கேலாது, எரிக்கிறதுக்குத்தான் போகும். நான் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியளைத் தொட்டிக்குள்ள போடேக்க, ஒண்டுக்கு ஒரு பவுண் வாங்கியிருந்தாலும் இந்த மனிசி இதை எடுத்திருக்குமோ எண்டு பல்லைக் கடிச்சன்.

ஆனா பிறகு நிண்டு யோசிச்சுப் பார்த்தன். அந்த மனிசி அதை "எடுக்கேல்ல". ஒவ்வொரு மாசமும் லிஸ்றில இருக்கிற எல்லாத்துக்கும் ஆரோ டிக் போட்டு அனுப்பினது, நாங்கள் கட்டினது, டிரைவர் கொண்டுபோய் வாசலில குடுத்தது. அவவிட்ட ஒருத்தரும் "இது இன்னும் வேணுமோ" எண்டு கேட்கேல்ல. காசு போட்டா கேள்வி தானா வரும் எண்டு நினைக்கிறது சோம்பேறித்தனம், கேள்வியைக் கேட்டாலே காணும். அதைவிட, அவவுக்கு எண்பத்திநாலு வயசு. அவவிட்ட காசு வாங்க எந்த அரசியல்வாதி துணிவார்? 2021இல அறுபதை அறுபத்தாறு ஆக்கலாமோ எண்டு கருத்துக் கேட்டுப் பார்த்தவை, ரெண்டு வருசம் இழுத்து 2023இல வேண்டாம் எண்டு கைவிட்டினம். அறுபது எண்டதுகூட ஒரு விபத்துத்தான். முந்திப் பொம்பிளையளுக்கு அறுபது, ஆம்பிளையளுக்கு அறுபத்தஞ்சு. 1995இல ஐரோப்பிய நீதிமன்றம் ரெண்டும் ஒண்டா இருக்கவேணும் எண்டு சொல்ல, ஆம்பிளையளின்ரயும் அறுபதுக்கு இறங்கினது. மருந்தைக் கூட வீணாக்கிற ஆக்கள் ஆர் எண்டு பார்த்து இந்தக் காசைப் போடேல்ல, கூட வாக்குப் போடாத ஆக்கள் ஆர் எண்டு பார்த்துப் போட்ட மாதிரித்தான் எனக்குத் தெரியுது.

அம்மாவோட இதைக் கதைச்சன். அம்மா வடமராட்சி, எழுபது தாண்டியிட்டா, வருசத்தில ஆறு மாசம் எங்களோட. "இலவசம் எண்டா மதிப்பில்லை" எண்டு அவவும் சொல்லுவா எண்டு எதிர்பார்த்தன், ஏனெண்டா ஊரில அரசாங்க ஆசுப்பத்திரியில காலமை சும்மா பார்க்கிற அதே டொக்டரைப் பின்னேரம் காசு குடுத்துச் சனல் பண்ணிப் பார்க்கிற ஆள் அவ. காசு குடுத்தாத்தான் டொக்டர் முகத்தைப் பார்ப்பாராம், காலமை துண்டைத்தான் பார்ப்பாராம். ஆனா அம்மா வேறொரு கதை சொன்னா. இலங்கையில 1951இல இருந்து அரசாங்க வைத்தியம் இலவசம், ஆனா நடுவில 1971இல சிறிமாவோ காலத்தில வெளிநோயாளருக்கு 25 சதம் எண்டு போட்டவை. அம்மாவுக்கு அப்ப பதினாறு வயசு. மந்திகை ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கு முதல் அம்மம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிட்டுப் பார்ப்பாவாம்.

"25 சதம் பெரிய காசோ அம்மா?"

"பெரிய காசில்லை. அஞ்சு பிள்ளையளுக்கும் ஒரேயடியாக் காய்ச்சல் வந்தாத்தான் பெரிய காசு."

அம்மம்மா என்ன செய்தவவெண்டா, கடைசித் தம்பியையும் மூத்த அண்ணையையும் கொண்டுபோவாவாம். கடைசி, சின்னப் பிள்ளை எண்டபடியா. மூத்தது, உழைக்கப்போறது எண்டபடியா. நடுவில இருந்த மூண்டுக்கும் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துப் பார்க்கிறதாம். அம்மா நடு. அதைச் சொல்லேக்க அவ சிரிச்சவ, எனக்குச் சிரிப்பு வரேல்ல. அந்த 25 சதம் வந்தபிறகு வெளிநோயாளர் பிரிவுக்கு வாற சனம் நல்லாக் குறைஞ்சது, 1977இல அதை எடுத்துப்போட்டினம். கொழும்பில இருந்து பார்த்த ஆக்களுக்கு அது "தேவையில்லாமல் வாற சனம் குறைஞ்சுது" எண்டு தெரிஞ்சிருக்கும். குறைஞ்ச சனத்தில ஒராள் என்ர அம்மா.

டோர்ட்முண்டில இருக்கிற மச்சாளிட்டயும் கேட்டன். ஜேர்மனியில 2004இல மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முதல் தரம் டொக்டரிட்டப் போகேக்க பத்து யூரோ எண்டு கொண்டந்தவை. சனம் என்ன செய்தது? கட்டின மூண்டு மாசத்துக்குள்ள எல்லா டொக்டரையும் பார்த்து முடிக்கப் பார்த்தது, ஒரு துண்டை வச்சு அடுத்த டொக்டருக்கு, அங்க இருந்து அடுத்த டொக்டருக்கு. மச்சாள் சொல்லுறா, ரிசெப்சனில இருந்த பெட்டையள் வருத்தக்காரரைப் பார்க்கிறதை விட்டிட்டுச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவையாம். 2012 கார்த்திகையில பாராளுமன்றத்தில வாக்கெடுப்பு வைக்க, எல்லாக் கட்சியும் ஒரே பக்கமா, எதிர்த்து ஒரு வாக்கும் விழாமல் அதை எடுத்துப்போட்டினம். அங்க அப்பிடி ஒத்துமை வந்ததுக்குக் காரணம் எனக்கு இப்ப விளங்குது. எந்தக் கட்சிக்கு வாக்குப் போடுற சனமெண்டாலும், பெரும்பாலான ஆக்கள் அந்தப் பத்து யூரோவைக் கட்டிக்கொண்டிருந்தவை. இஞ்ச பத்தில ஒண்டுக்குத்தான் கட்டுறம், அந்த ஒண்டும் அறுபதுக்குக் கீழ ரெண்டு வேலை செய்துகொண்டு ஓடித்திரியுது, ஊர்வலம் போக நேரமில்லை. அரசாங்கத்துக்கு வருசம் 600 மில்லியனுக்கு மேல வருது, கேட்கப் பெரிய காசுதான், ஆனா இங்கிலாந்து என்எச்எஸ்ஸின்ர செலவு 150 பில்லியனைத் தாண்டினது, அதில இது ஒரு மூலை.

கோவம் வராதெண்டில்லை, வரும், ஆனா பிழையான ஆளிலதான் வரும். போன வருசம் ஒரு பிள்ளை, கைக்குழந்தையோட, கடிதமொண்டைக் கொண்டந்து என்ர முகத்துக்கு நேர ஆட்டினா. பிள்ளை பிறந்து ஒரு வருசம் வரைக்கும் மருந்து சும்மா, அவவின்ர காட் முடிஞ்சு மூண்டு கிழமை, அது தெரியாமல் மருந்துத் துண்டின்ர பின்பக்கத்தில டிக் போட்டுக் கையெழுத்து வச்சிட்டா, ஒரு கிறீமுக்கு. மருந்துக் காசின்ர அஞ்சு மடங்கு தண்டம், மருந்துக் காசும் சேர்த்து. "நீங்கள்தானே டிக் போடச் சொன்னனியள்" எண்டா. நான் சொன்னனானோ சொல்லேல்லயோ, எனக்கு ஞாபகமில்லை, ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் "சைன் ஹியர்" சொல்லுற வாய். அதுக்குப் பிறகு நான் திகதி கேட்காமல் பேனையைக் குடுக்கிறேல்ல, அதால லைன் நீளுது, அதுக்கும் ஏச்சு.

அண்ணைக்கு இந்தத் தையில அறுபது முடிஞ்சது. பிறந்தநாள் முடிஞ்சு அடுத்த நாளே வந்திட்டார், ஒரு பெட்டி லட்டும் கொண்டு. பிறந்த திகதி மருந்துத் துண்டில அச்சாகியே வரும், அறுபது தாண்டினா கையெழுத்தும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை. நான் பையை நீட்டிப்போட்டு "ஓகே அண்ணை" எண்டன். அவர் காட்டைக் கையில வச்சுக்கொண்டு நிண்டார், உண்மையா முடிஞ்சுதோ எண்டு கேட்டார். பிறகு பையைத் திறந்து பார்த்தார்.

"மண்ணிறம் எங்க தங்கச்சி? இனி அதையும் எடுக்கலாம்தானே."

கொம்பியூட்டரில தேடிப் பார்த்தன். இல்லை. கனகாலமா ஓடர் பண்ணாதபடியா ஜீபியில அவற்ற வழமையான மருந்து லிஸ்றில இருந்து அதை எடுத்துப்போட்டினம். திருப்பிச் சேர்க்கிறதெண்டா நேர்ஸைப் பார்த்து, குழாய்க்குள்ள ஊதிக் காட்டி, தொய்வு ரிவியூ எண்டு ஒண்டு முடிக்கவேணும். நானே அவற்ற போனில ஜீபிக்கு அடிச்சன், பதினொராவது ஆளா லைனில நிண்டு, இருபது நிமிசம் ஸ்பீக்கரில பாட்டுப் போச்சு, அண்ணை கவுண்டருக்குப் பக்கத்தில கதிரையில இருந்து லட்டுப் பெட்டியை லைனில நிண்ட ஆக்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். கிடைச்ச முதல் திகதி மூண்டு கிழமைக்குப் பிறகு, செவ்வாய் காலமை எட்டு பத்துக்கு. இரவு வேலை ஏழரைக்குத்தான் முடியும், எண்டாலும் நேர போவன் எண்டு சொல்லிப்போட்டு, திகதியை லட்டுப் பெட்டி மூடியின்ர உள்பக்கத்தில எழுதித் தரச்சொல்லிக் கேட்டார், எழுதிக் குடுத்தன்.